தக்காளிப் பூ கொட்டுகிறது: உரம் குறைவா, வெயில் அதிகமா?

கேள்வி

"செடி இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. இலை கரும்பச்சை. பூ கொத்துக் கொத்தாக வருகிறது, ஆனால் ஒன்றுகூடப் பிஞ்சாகாமல் காம்போடு உதிர்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறேன். உரத்தைக் கூட்டலாம் என்று இருக்கிறேன். பருவநிலை மாறிவிட்டது, அதனால்தான் காய்க்கவில்லை என்று எல்லாரும் சொல்வது எனக்கு நொண்டிச் சாக்காகத்தான் படுகிறது. முன்பும் வெயில் இருந்ததே?"

ஏப்ரல் 11

உரத்தைக் கூட்டாதீர்கள். இலை கரும்பச்சை என்று நீங்களே சொல்கிறீர்கள், தழைச்சத்து ஏற்கெனவே தாராளம். இன்னும் போட்டால் இன்னும் இலைதான் வரும்.

பகல் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளி காய் பிடிக்கத் திணறும், இது பலருக்கும் தெரியும். கவனிக்காமல் விடுவது இரவை. இரவில் வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால், பகல் சுமாராக இருந்தாலும், பெரும்பாலான ரகங்களில் மகரந்தம் சரியாக உருவாவதில்லை. பூ விரியும், மஞ்சளாக அழகாக இருக்கும், உள்ளே இருக்கும் தூளுக்கு உயிர் இருக்காது. கருவுறாத பூவைச் செடி வைத்துக்கொண்டு என்ன செய்யும்? கழற்றி விட்டுவிடுகிறது.

அப்புறம், மகரந்தம் அடிபடுவது பூ விரியும் அன்று அல்ல. அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, மொட்டு சின்னதாக இருக்கும்போதே அடிபட்டுவிடுகிறது. இன்று உதிரும் பூ போன வார வெயிலின் கணக்கு. நேற்று மழை பெய்து குளிர்ந்த பிறகும் இன்று ஏன் கொட்டுகிறது என்று நாம் குழம்புவது இதனால்தான்.

"முன்பும் வெயில் இருந்ததே?" இருந்தது. இரவு இப்படி இல்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகின் பல நிலப்பகுதிகளில் பகலின் உச்ச வெப்பத்தைவிட இரவின் குறைந்தபட்ச வெப்பம் வேகமாக ஏறியிருக்கிறது. ஆகவே சாக்கு என்று ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். அதே சமயம் எல்லாப் பழியையும் பருவநிலைமேல் போடவும் முடியாது. உங்கள் செடியில் தழைச்சத்து அதிகம் என்பதும் உண்மைதான்.

ஏப்ரல் 12

"பூவைத் தட்டிவிட்டால் காய் பிடிக்குமாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதமான நாளில் பிடிக்கும். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும் வகை. அதிர்வு கிடைத்தால் தூள் நன்றாக உதிரும். பூவைக் கவ்விக்கொண்டு ரீங்காரத்தால் உலுக்கும் வண்டுகள் செய்வது அதைத்தான். தேன் எடுக்க வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை வராது. மகரந்தமே மலடாகிப் போயிருந்தால் எலெக்ட்ரிக் டூத்பிரஷை வைத்து அதிரவைத்தாலும் பயனில்லை. (செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். பூ மட்டும் சுத்தமானது.)

ஏப்ரல் 15

இரவு வெப்பம் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்விக்கு: வானிலைச் செய்தியில் வரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில், தரையிலிருந்து ஆள் உயரத்தில் அளந்தது. உங்கள் செடி நிற்பது சுவரோரம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவரும் தளமும் அதை ராத்திரி முழுக்கத் திருப்பிக் கக்கிக்கொண்டிருக்கும். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிந்து வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிச் செடிக்குப் பக்கத்தில், நிழலில் தொங்கவிடுங்கள். வீட்டுத்தோட்டக்காரர்கள் வாங்கும் சாமான்களில் இவ்வளவு சின்னதாக இருந்து இவ்வளவு வேலை செய்வது வேறு எதுவும் இல்லை என்பேன்.

என் தோட்டத்தில் மேற்குச் சுவரை ஒட்டிய இடத்துக்கும் திறந்த மூலைக்கும் விடியற்காலையில்கூட வெப்பம் வேறாக இருக்கிறது. காய்ப்பும் அதற்கேற்பத்தான்.

இரவு வெப்பம் தக்காளிக்கு மட்டும் பிரச்சினை அல்ல. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல் பதிவுகளை வைத்து 2004இல் வந்த ஆய்வு ஒன்றில், வறண்ட பருவத்தில் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடியபோது நெல் விளைச்சல் 10 சதவீதம் குறைந்திருந்தது. பகலின் உச்ச வெப்பத்தோடு அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. இரவு சூடாக இருந்தால் செடி பகலில் சேர்த்த சர்க்கரையைச் சுவாசத்திலேயே அதிகம் செலவழித்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம்.

ஏப்ரல் 16

நெல்லும் தக்காளியும் ஒன்றா என்று கேட்டவருக்கு: இல்லை. இரவைப் பாருங்கள் என்று சொல்லத்தான் நெல்லை இழுத்தேன்.

ஏப்ரல் 23

நிழல்வலை பற்றி நிறையக் கேள்விகள்.

காய்க்கும் செடிகளுக்கு 30 முதல் 40 சதவீத நிழல் தரும் வலை போதும். கீரைக்கு 50 வரை போகலாம். 75 சதவீத வலை மனிதர்கள் நாற்காலி போட்டு உட்காரத்தான். அதன் கீழ்த் தக்காளி வெளிச்சத்தைத் தேடி ஒட்டடைக்குச்சி மாதிரி நீளும், காய்க்காது.

எவ்வளவு நிழல் என்பதைவிட எப்போது நிழல் என்பது முக்கியம். காலை வெயில் செடிக்கு நல்லது, இருக்கட்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் காற்றும் சூடு, வெயிலும் சாய்வாக மேற்கிலிருந்து நேராக இலைமேல் விழுகிறது. மேற்குப் பக்கம் மட்டும் வலையைச் செங்குத்தாகக் கட்டிப் பாருங்கள். பல இடங்களில் அதுவே போதும், மேலே கூரையாகப் போட வேண்டியதே இல்லை. உயரமாக வளரும் சோளத்தையோ பந்தலில் ஏறும் கொடியையோ மேற்கில் நிறுத்தி அதன் நிழலில் மற்றதை வைப்பதும் இதே வேலையைச் செய்யும்.

மேலே போட்டே ஆக வேண்டுமென்றால் செடியின் நுனிக்கும் வலைக்கும் நடுவில் காற்று போக இடம் விடுங்கள். இலையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் வலை சூட்டைப் பிடித்து வைக்கும்.

சரி, வலை கட்டினால் இரவு குளிருமா? குளிராது. பகலில் மண்ணும் சுவரும் வாங்கும் சூடு குறையும், அதனால் இரவில் கொஞ்சம் தணியும். அவ்வளவுதான். அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஏப்ரல் 24

பச்சை வலையா, கறுப்பு வலையா என்ற சண்டை இந்தக் கேள்வி-பதில் இழையில் வேண்டாம். வெள்ளையோ வெள்ளி நிறமோ கிடைத்தால் வாங்குங்கள், கொஞ்சம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். கிடைக்காவிட்டால் பழைய மெல்லிய வெள்ளைத் துணி.

மே 2

மதியம் செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றுகிறோம். பெரும்பாலும் தேவையில்லை. பூசணி, வெள்ளரி மாதிரி அகன்ற இலைச் செடிகள் உச்சி வெயிலில் வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக நீரை விடுகின்றன. மண் ஈரமாக இருந்தாலும் தொங்கிவிடும். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் ஒன்றும் இல்லை. விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் தாகம் அல்லது வேர் நோய். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு வாளியைத் தூக்குங்கள். ஈர மண்ணில் மேலும் மேலும் ஊற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, செடி இன்னும் வாடும், நாம் இன்னும் ஊற்றுவோம்.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு வேறு ஒரு தலைவலி. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் வெயில் படும் பக்கத்தில் மண் 50 டிகிரியைக்கூட எட்டும். 40 டிகிரிக்கு மேல் பெரும்பாலான காய்கறிச் செடிகளின் வேர் சேதப்படுகிறது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு பக்கம் வெள்ளை வேர் அடர்ந்து, இன்னொரு பக்கம் பழுப்பாகக் காய்ந்து கிடக்கும். பாதி வேரை வைத்துக்கொண்டு முழுச் செடி பிழைக்கப் பார்க்கிறது.

தொட்டிகளைக் கும்பலாகச் சேர்த்து வையுங்கள், ஒன்றின் நிழல் இன்னொன்றின்மேல் விழட்டும். வெளிவரிசைத் தொட்டிகளுக்குச் சாக்கு சுற்றுங்கள், அல்லது பெரிய தொட்டிக்குள் சின்னத் தொட்டியை இறக்கி இடையில் காய்ந்த இலையை அடையுங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் வேலை செய்யும். மண்மேல் மூன்று விரற்கடைக்கு இலைச் சருகு மூடாக்கு, தண்டை ஒட்டாமல்.

மே 9

முட்டை ஓடு.

தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்து போகிறது, கால்சியம் இல்லை, அதனால் முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன், பலன் இல்லை என்று மூன்று பேர். பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கிறது. அது நீரோடுதான் செடிக்குள் ஏறும். ஏறும் நீரில் பெரும்பங்கு, ஆவியை வெளியே விடும் இலைக்கே போகிறது, காய்க்குக் கடைசிப் பங்குதான். ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் வெள்ளம் என்று தண்ணீர் விட்டால் அந்தக் கடைசிப் பங்கும் தடைபடும். தண்ணீரைச் சீராக விடுங்கள், மூடாக்கு போடுங்கள். அடுத்து வரும் காய்கள் சரியாகும், கறுத்தது கறுத்ததுதான். முட்டை ஓடு மட்குவதற்கு வருடக்கணக்கில் ஆகும். எறும்பு வேடிக்கை பார்க்கலாம்.

இன்னொன்று: பழம் சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கிறது என்றவருக்கு. 32 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமியான லைகோபீன் உருவாவது தடைபடும். நிறம் மாற ஆரம்பித்ததுமே பறித்து வீட்டுக்குள் நிழலில் வையுங்கள், பழுக்கும். அணிலுக்கும் பங்கு குறையும்.

மே 21

"அப்படியானால் வெயில் மாதங்களில் என்னதான் வளர்ப்பது?"

இந்தக் கேள்வியைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். தக்காளியை வைத்துக்கொண்டு வெயிலோடு மல்லுக்கட்டுவதைவிட, வெயில் பிடிக்கும் செடிக்கு அந்த இடத்தைக் கொடுப்பது மேல்.

வெப்பம் ஏறும்போது பெரும்பாலான செடிகளுக்கு ஒரு கோளாறு வருகிறது. காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ என்ற நொதி, தவறிப்போய் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தவறைச் சரிசெய்யச் செடி சக்தியை இழக்கிறது. சி4 வகை என்று சொல்லப்படும் செடிகள் கரியமில வாயுவை முன்கூட்டியே செறிவாக்கி அந்த நொதியிடம் கொடுப்பதால் அவற்றுக்கு இந்த நஷ்டம் மிகக் குறைவு. மக்காச்சோளம், சோளம், கம்பு இந்த வகை. வீட்டுத்தோட்டத்துக்கு முக்கியமானது: தண்டுக்கீரை, முளைக்கீரை எல்லாம் இதே கூட்டம்தான். மற்றக் கீரைகள் சுருண்டு கிடக்கும் வெயிலில் அவை பாட்டுக்கு வளர்வதற்குக் காரணம் இது.

பருப்புக்கீரை இதையும் தாண்டி ஒரு படி போகிறது. சாதாரணமாக சி4. தண்ணீர் பற்றாக்குறை வந்தால் கற்றாழை மாதிரி இரவில் இலைத்துளையைத் திறந்து வாயுவைச் சேர்த்துவைக்கும் முறைக்கும் மாறிக்கொள்கிறது. இரண்டையும் ஒரே இலையில் செய்யும் செடிகள் அபூர்வம். நாமோ அதைக் களை என்று பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் காசு கொடுத்து வாங்கிய வெளியூர்க் கீரை விதையை ஊன்றி, முளைக்கவில்லை என்று இங்கே வந்து எழுதுகிறோம்.

வெண்டை, காராமணி, கொடிப்பசலை, சர்க்கரைவள்ளி எல்லாம் சி4 இல்லை, ஆனாலும் வெயிலைத் தாங்கும். பீன்ஸ் பூ கொட்டும் காலத்தில் காராமணி காய்த்துக்கொண்டிருக்கும். சர்க்கரைவள்ளி இலையும் கீரைதான். கொத்தமல்லியை நான் வெயில் மாதங்களில் விட்டேவிட்டேன்.

மே 23

"கரியமில வாயு கூடினால் செடிக்கு நல்லதுதானே?" வளர்ச்சி கூடும், தண்ணீரும் சத்தும் இருந்தால். தரம் வேறு விஷயம். 2014இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில், இந்த நூற்றாண்டின் நடுவில் எதிர்பார்க்கப்படும் கரியமில வாயு அளவில் வளர்த்த கோதுமையில் துத்தநாகம் சுமார் 9 சதவீதமும் இரும்பு சுமார் 5 சதவீதமும் குறைந்திருந்தன.

ஜூன் 8

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். தெர்மாமீட்டர் வாங்கினாராம், அவர் சுவரோரம் இரவு 27க்குக் கீழே இறங்கவில்லையாம். "செடியைப் பிடுங்கிவிடவா?"

வேண்டாம். நோய் இல்லையென்றால் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், மூடாக்கு போட்டுத் தண்ணீரைச் சீராக விடுங்கள். இரவு தணிந்ததும் புதுக்கிளையில் பூத்துக் காய்க்கும். வெட்டிய பக்கக்கிளைகளை ஈரமண்ணில் செருகினால் வேர்விடும், அவை அடுத்த வரிசைக்கு. அடுத்த முறை சிறு பழ ரகங்களை முயலுங்கள். பெரிய பழ ரகங்களைவிட அவை பொதுவாகச் சூட்டில் நன்றாகக் காய் பிடிக்கின்றன.

அவருக்கு மட்டும் இல்லாமல் எல்லாருக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இன்ன தேதியில் விதை என்ற பட்டியலைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியல்கள் வேறொரு வானிலையைப் பார்த்து எழுதப்பட்டவை. இப்போது மழை முந்துகிறது, இல்லையென்றால் பிந்துகிறது. வெயில் நடுவில் புகுந்து ஒரு வாரம் அடித்துவிட்டுப் போகிறது. எந்த வாரம் சரியான வாரம் என்று ஊகிக்கப் போனால் தோற்றுப்போவோம். ஊகிக்காமல் இருப்பதற்கு ஒரு வழி, விதையைப் பிரித்துப் போடுவது. பாக்கெட் முழுவதையும் ஒரே நாளில் கொட்டாமல், கால்வாசி இன்று, பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு கால்வாசி, அப்புறம் இன்னொன்று. ஒரு தொகுதி வெயிலில் மாட்டினால் அடுத்தது தப்பிக்கும். ரகத்தையும் இரண்டு மூன்றாகக் கலந்து போடுங்கள்.

ஏக்கர் கணக்கில் பயிர் செய்பவருக்கு இது கஷ்டம். ஆள், டிராக்டர், கடன் எல்லாம் ஒரே தேதியில் ஓடுகின்றன. நமக்கு அந்தக் கட்டு இல்லை. நாலு தொட்டிக்காரருக்கு இருக்கும் ஒரே அனுகூலம் இது, அதையும் விட்டுவிடுகிறோம்.

ஜூலை 19

இப்போது எதிர்ப்பக்கம். மழை கொட்டி, தொட்டி நிரம்பி, இலை மஞ்சளாகிறது.

காற்று 1 டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பெய்தால் ஒரேயடியாகப் பெய்வதற்கு இது ஒரு காரணம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 20 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் விழுந்தால் ஆயிரம் லிட்டர். பிடித்துவைக்க எத்தனை பேரிடம் இடம் இருக்கிறது? பிடிக்க முடியாதது தொட்டி வழியாகப் போகும், போகும்போது நைட்ரேட்டையும் பொட்டாஷையும் அலசிக்கொண்டு போகும். அந்த மஞ்சளுக்குக் காரணம் பாதி அது, பாதி வேர் மூச்சு முட்டுவது. மழை விட்டு மண் சற்றுக் காய்ந்த பிறகு மட்கு உரம் கொஞ்சம் கொடுங்கள். ஈரம் சொட்டும்போது எதுவும் போடாதீர்கள்.

நிழல்வலை பற்றி ஏப்ரலில் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும்: மேகமூட்டம் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள். நான் அப்போது கட்டுவதைப் பற்றி மட்டும் எழுதினேன், சிலர் இன்னும் கட்டியே வைத்திருக்கிறார்கள். மூடாக்கையும் தண்டிலிருந்து இன்னும் தள்ளி வையுங்கள், நத்தைக்கு அது மாளிகை.

ஜூலை 20

தொட்டியடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பதை நம்பாதவன் நான் என்று பெயர் வாங்கியிருக்கிறேன், பரவாயில்லை. மண்ணின் நுண்ணிய இடுக்குகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடியில் பெரிய இடுக்கு உள்ள ஜல்லி இருந்தால் நீர் அதற்குள் சட்டென்று இறங்காது, மண்ணின் கீழ்ப்பகுதியிலேயே தேங்கும். தேங்கும் மட்டம் ஜல்லியின் உயரத்துக்கு மேலே ஏறியதுதான் மிச்சம். துளையை அடைக்காமல் ஓர் ஓட்டுத்துண்டு, மேலே பொலபொலப்பான கலவை, போதும்.

ஆகஸ்ட் 30

"வீட்டில் வளர்த்தால் பூமிக்கு நல்லது" என்று ஒருவர் எழுத, இன்னொருவர் "ஆய்வு வேறு மாதிரி சொல்கிறதே" என்று கிளப்பிவிட்டார். அந்த ஆய்வு 2024இல் 'நேச்சர் சிட்டீஸ்' இதழில் வந்தது. ஐந்து நாடுகளில் 73 நகர்ப்புறத் தோட்டங்களையும் பண்ணைகளையும் பார்த்தார்கள். ஒருவேளை உணவுப் பங்குக்கு வெளியேறிய கரியமில வாயு சராசரியாக 0.42 கிலோ, வழக்கமான விவசாயத்தில் 0.07 கிலோ. ஆறு மடங்கு.

படித்ததும் எரிச்சல் வந்தது. பிறகு உள்ளே போய்ப் பார்த்தால் நியாயம் புரிகிறது. பெரும்பங்கு செடியால் வருவது அல்ல. மேடைப்பாத்தி, கொட்டகை, நடைபாதை என்று கட்டும் சாமான்களால் வருவது. மேடைப்பாத்தியை 5 வருடத்தில் தூக்கியெறிந்தால், 20 வருடம் வைத்திருப்பதைவிட ஒவ்வொரு பங்கு உணவுக்கும் சுமார் நான்கு மடங்கு பாதிப்பு. சூடேற்றிய கண்ணாடிக்கூடத்தில் வளரும் தக்காளியோடும் விமானத்தில் வரும் காய்களோடும் ஒப்பிட்டால் வீட்டுத்தோட்டம் ஜெயிக்கிறது.

எனக்கு இதில் கிடைத்தது இவ்வளவு: புதுத் தொட்டி வாங்கும் ஆசை வரும்போது பழைய வாளியில் ஓட்டை போடலாம். பூமியைக் காப்பாற்றுகிறேன் என்று தோட்டம் போடுபவர்களோடு எனக்குச் சண்டையில்லை, நான் அதற்காகப் போடவில்லை. வானிலை மாறும்போது எது பிழைக்கிறது என்று கண்ணெதிரே பார்க்கத்தான் போடுகிறேன். தின்னக் கிடைப்பது உபரி.

செப்டம்பர் 27

விதை எடுப்பது பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

கொத்தமல்லி, கீரை வகைகளில் பெரும்பாலோர் செய்வது: முதலில் பூக்கும் செடி முதலில் விதை தரும், கைக்குக் கிடைத்ததே என்று அதை எடுத்து வைப்பது. வருடாவருடம் இப்படிச் செய்தால் சீக்கிரம் பூத்துவிடும் குணத்தையே நாம் பொறுக்கி வளர்க்கிறோம். சீக்கிரம் பூத்தால் இலை போச்சு. வெயிலில் கடைசிவரை இலையாக நின்ற செடியில்தான் விதை எடுக்க வேண்டும். முதலில் பூத்ததைப் பிடுங்கி அன்றைக்கே சமையலுக்குப் போடுங்கள்.

தக்காளியில், கடும் வெயில் வாரங்களில் பிடித்த காய் எது என்று நூல் கட்டி வையுங்கள், விதை அதிலிருந்து. தக்காளி பெரும்பாலும் தன்மகரந்தம் என்பதால் தாயைப் போலவே வரும். பூசணி, வெள்ளரி அப்படியல்ல, பக்கத்துத் தோட்டத்தோடு கலந்துவிடும். கடையில் வாங்கிய எஃப்1 கலப்பின விதையிலிருந்து எடுத்தால் அடுத்த தலைமுறை ஆளுக்கொரு பக்கம் போகும்.

நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008இல் திறந்த விதைப் பெட்டகம் உறைகுளிரில் உலகத்து விதைகளைக் காத்து வைத்திருக்கிறது. சிரியாவில் போர் வந்து அங்கிருந்த விதை வங்கி முடங்கியபோது, 2015இல் முதன்முதலாகப் பெட்டகத்திலிருந்து விதைகளை எடுத்தார்கள்; அது இல்லாமல் முடியாது. ஆனால் உறைந்து கிடக்கும் விதை இந்த வருட வெயிலைப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க யாராவது வெளியே விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அக்டோபர் 5

எடுத்த விதையை ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வைக்கலாம், நன்றாகக் காய்ந்திருந்தால். விதைக்காரர்களின் பழைய கணக்கு, விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தாலோ, வைக்கும் இடம் 5 டிகிரி குளிர்ந்தாலோ, ஆயுள் இரட்டிப்பாகும் என்பது. நிழலில் உலர்த்தி, இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலில், ரகமும் வருடமும் எழுதி வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரம் முழுக்க விதைமேல் படிந்துவிடும்.